மிளகாய் மண்டிக் காலண்டரில் ஒரு பாக்டீரியா

விருதுநகரில் மூன்று தலைமுறையாக மிளகாய் வத்தல் மண்டி நடத்திவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி, “அவுக வீட்டுல மலக்கிருமி வளக்காகளாம்” என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. இந்த நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தை பிறந்து, புது வத்தல் வரத் தொடங்கும் நேரம். அந்தக் குடும்பம் என்னுடையது. அன்று பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. இருப்பவர்கள் மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் மறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். அதில் என் பக்கம் நேர்ந்த பிழையையும் நானே எழுதுகிறேன், ஏனென்றால் அதை வேறொருவர் எழுதினால் கூட்டியோ குறைத்தோதான் எழுதுவார்.

நான் மதுரையில் கல்லூரி சென்று வேதியியலில் பட்டம் பெற்றவன். எங்கள் தெருவில் அப்போது பட்டம் பெற்ற ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் இருவர்தான். மற்றவர் சிங்கப்பூர் போய்விட்டார். மண்டிக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நான் படிப்பை விட்டவனல்ல. ஆகவே என் மகள் உயிரித் தொழில்நுட்பம் படித்து, மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, அவள் செய்வது என்னவென்று கேட்டுப் புரிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் பேசியவர்கள் மீதுதான் எனக்கு இன்றும் கோபம்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் இது. பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பை. அவள் வளர்த்த வகைக்கு இரண்டு தோல்கள்: உள்தோல் ஒன்று, வெளித்தோல் ஒன்று. அதற்கு வேண்டிய புரதங்கள் எல்லாம் உள்ளேதான் உருவாகும். பெரும்பாலானவை உள்ளேயே தங்கிவிடும். ஈயத்தைப் பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு புரதத் துண்டு இருக்கிறது. அந்தத் துண்டைச் செய்யும் மரபணுக் குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திவிட்டால் அது செய்துவிடும். ஆனால் செய்ததை உள்ளே வைத்துக்கொண்டு என்ன பயன்? ஈயம் வெளியே தண்ணீரில் அல்லவா இருக்கிறது? துண்டு வெளித்தோலின் மேற்புறத்தில் நிற்க வேண்டும். அதற்காக, இயல்பாகவே வெளித்தோலில் போய்ப் பதியும் இன்னொரு புரதத்தைத் தேர்ந்து, அதன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைவில் இந்தத் துண்டைச் செருகினார்கள். தாங்கும் புரதம் வெளியே போகும்போது துண்டும் கூடப் போகும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. செருகிய துண்டு நீளமானால் தாங்கும் புரதம் வெளியே போகாது. இரண்டு தோல்களுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதும் உண்டு. அளவு மீறிச் செய்யவைத்தபோது வெளித்தோல் தாங்காமல் பாக்டீரியா ஒழுகிச் செத்தது. இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. சிவகாசியில் அச்சு இயந்திரங்களைக் கழுவிய மைத்தண்ணீர் சாக்கடையில் மஞ்சளாக ஓடுவதைச் சிறு வயதில் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்தக் கால மஞ்சள் மையில் ஈயம் இருந்தது. இதைச் செய்ய வேண்டும் என்று அவளை யாரும் ஏவவில்லை.

ஒரு நாள் நானே ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். குடுவைகள் ஓர் இயந்திரத்தின் மேல் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. நீர்த்த ஆட்டிறைச்சிச் சாறு போல் ஒரு வாடை. வேலை முடிந்த ஒவ்வொரு குடுவையும் நீராவி அழுத்தத்தில் அவித்த பிறகே கழுவும் இடத்துக்குப் போனது. அந்த வகைப் பாக்டீரியா பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடத்திலேயே பழகிப் பலவீனப்பட்டது. மனிதக் குடலில் போய் நிலைக்கும் திராணி அதற்கு இல்லை. அப்படியிருந்தும் அங்கே கையுறை இல்லாமல் ஒருவரும் எதையும் தொடவில்லை. எங்கள் ஊரில் வத்தல் அரைக்கும் ஆலைகளில் அந்தச் சுத்தத்தில் பாதியைக்கூட நான் கண்டதில்லை.

அன்றுதான் அவள் அந்தப் படத்தைக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒளிரும் சாயத்தை, அந்தத் துண்டை மட்டும் தேடிப் பற்றும் ஓர் எதிர்ப்புரதத்தில் கட்டி, முழுப் பாக்டீரியாக்களின் மேல் ஊற்றுவார்கள். அந்த எதிர்ப்புரதம் பெரியது. தோலைத் தாண்டி உள்ளே நுழைய முடியாது. துண்டு உள்ளே இருந்தால் ஒன்றும் ஒளிராது. வெளியே இருந்தால் மட்டும் விளிம்பு ஒளிரும். கறுப்புப் பின்னணியில், நீண்ட சிறு குச்சிகள் ஒவ்வொன்றின் ஓரமும் பச்சையாக மின்னியது. இரண்டு ஆண்டு உழைப்பு அந்த விளிம்பில் நின்றது. ஒரு பிரதி கேட்டேன்.

“வீட்டுல மாட்டிக்கிடுங்க அத்தா” என்று சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டில் மாட்டியிருக்க வேண்டும். நான் சிவகாசிக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் எவரும் ஆண்டுதோறும் தம் பெயர் போட்ட காலண்டர் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது வழக்கம். ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்களில் புது ஆல்பம் வரும். அதைப் புரட்டிப் படம் தேர்ந்து ஆர்டர் கொடுப்போம். எங்கள் மண்டிக் காலண்டர் சாத்தூர், காரியாபட்டி, தூத்துக்குடி வரை சுவர்களில் தொங்கும். அச்சக உரிமையாளர் என் தகப்பனார் காலத்துப் பழக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

“வருசா வருசம் பூப்படம் போடுவீக. இல்லாட்டிப் பள்ளிவாசல் படம். இது என்ன பாய் புதுசா?” என்றார்.

“எம் மக ஆராய்ச்சி, அண்ணாச்சி.”

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கணினியில் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளரும் எட்டிப் பார்த்துவிட்டு, “மொளகாய நல்லாத்தான் எடுத்திருக்காக. பச்சைய இன்னும் கொஞ்சம் ஏத்திவிடவா?” என்று கேட்டார். குச்சி வடிவமும் பச்சை நிறமும், வத்தல் மண்டிக்கு வந்த ஆர்டரும் சேர்ந்து அவரை அப்படி நினைக்க வைத்துவிட்டன. நான் திருத்தினேன். திருத்திய பிறகும் பச்சையை ஏற்றித்தான் அடித்தார்.

படத்தின் கீழே என்ன எழுதுவது என்று அவர் கேட்டபோது, நான் அங்கேயே நின்று என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: “நீரில் கலந்த நச்சு ஈயத்தை உறிஞ்சி அகற்றும் பாக்டீரியா — எங்கள் இல்லத்து ஆய்வாளரின் சாதனை.” அதையே ஆங்கிலத்திலும் எழுதினேன். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் மண்டியின் பெயர். தரமான சம்பா, முண்டு வத்தலுக்கு எங்களை அணுகவும் என்ற வழக்கமான வரி.

மார்கழியில் காலண்டர்கள் போய்ச் சேர்ந்தன. முதலில் கேட்டவர் எங்கள் மண்டிக்கு எதிர்வரிசையில் கடை வைத்திருந்த தரகர். வயதானவர், வாய் ஓயாதவர்.

“பாய், இது என்ன ரகம்? சம்பா கணக்கா இருக்கு. காம்பக் காணமே.”

“அது மிளகாய் இல்ல. பாக்டீரியா.”

“கிருமியா?”

“ஆய்வுக்கூடத்துல வளத்தது. கெடுதல் பண்ணாது.”

“வத்தக் கடைக் காலண்டர்ல எதுக்கு பாய் கிருமி? அடுத்த வருசம் எலிப்படம் போடுவீகளோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். தரகரின் மைத்துனர் ஒருவர் பள்ளி ஆசிரியர். ஆய்வுக்கூடங்களில் இப்படி வளர்க்கும் பாக்டீரியாவின் இனம் மனிதக் குடலில் இருப்பது என்று அவர் எங்கோ படித்துச் சொல்லிவிட்டார். மறுவாரமே அது மலக்கிருமி ஆயிற்று. அதற்கு அடுத்த வாரம் என் வீட்டில் வளர்வதாயிற்று. தை முடிவதற்குள் அது என் வத்தல் மூட்டைக்குள் புகுந்துவிட்டது. காரியாபட்டியிலிருந்து சரக்குக் கொண்டுவரும் விவசாயி ஒருவர், “உங்க மண்டியில எறக்குனா நம்ம வத்தலுக்கும் ஒட்டிக்கிடுமாமே, மெய்தானா?” என்று என்னிடமே கேட்டார். படம் எடுத்தவுடன் அந்தக் குச்சிகள் அவிக்கப்பட்டுச் செத்துவிட்டன. விருதுநகருக்கு வந்தது வெறும் காகிதம். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது? கல்லூரி வாசல் மிதித்தவர்களும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுப் பக்கத்து மண்டியில் கொள்முதல் செய்தார்கள்.

பிறகு தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் வந்தார். எங்கள் சம்பா வத்தலில் நல்ல பங்கு அந்தக் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டில் வாங்குபவர்கள் பூஞ்சை உண்டா, சாயம் உண்டா என்று சோதனைத் தாள் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. மேலாளர் முப்பது வயதுக்காரர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“சார், எங்க பாரின் பார்ட்டி ஆபீசுக்கு வந்தாரு. செவுத்துல உங்க காலண்டர். பாக்டீரியான்னு இங்கிலீஷ்லயும் போட்டிருக்கீக. சப்ளையர் காலண்டர்ல பாக்டீரியாவான்னு கேட்டாரு. என்ன பதில் சொல்ல?”

“அது என்னன்னு சொல்லியிருக்கலாமே.”

“எனக்கே தெரியாதே சார். இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. அச்சாபீஸ்ல வேற யாரு படமோ மாறி வந்துருச்சு, எங்களுக்குச் சம்பந்தமில்லன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. பைல்ல வச்சுக்கிடுதோம். ஆர்டர் பழையபடி உங்களுக்குத்தான். லெட்டர் இல்லாட்டி இந்த சீசனுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். என் மகளின் இரண்டு ஆண்டு உழைப்பை அச்சுப்பிழை என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகுதான், அவர் காப்பியைக் குடிக்காமல் வைத்துப்போனதைக் கவனித்தேன். எங்கள் மண்டியில் எதையும் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

சிவகாசிக்குத் தொலைபேசியில் பேசினேன். அச்சக உரிமையாளர் தயங்கவே இல்லை.

“எந் தப்புன்னே எழுதிக்கிடுங்க பாய். நானும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். சீசன்ல அம்புட்டு வேலைக்கு நடுவுல பத்துத் தப்பு நடக்கத்தான் செய்யுது. முருகன் படத்தத் தூக்கிக் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி ஆர்டருக்கு அடிச்சு அனுப்புனவன் நான். இது பதினொண்ணு. எம் பேரு ஒண்ணும் கெட்டுறாது.”

உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். நான் இணங்கினேன். மண்டியின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, அந்தக் கடிதத்தை எழுதியும் முடித்தேன். கையெழுத்து மட்டும் மீதி இருந்தது. என் மண்டிக்கு நேர்ந்த அவமானம் பெரியது, அதைத் துடைக்கும் தாள் எதுவாக இருந்தாலும் சரி என்று அப்போது எனக்குப் பட்டது.

அந்தச் சனிக்கிழமை என் மகள் மதுரையிலிருந்து பேருந்தில் வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே மண்டிக்கு வந்தாள். அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் யாரோ பேசியதைக் கேட்டுத்தான் காலண்டர் செய்தியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லியிருக்கவில்லை, வீட்டுக்கு வரும்போது காட்டி மகிழ்விக்கலாம் என்று வைத்திருந்தேன். சுவரில் தொங்கியதை நின்றபடியே படித்தாள்.

“அத்தா, இது எப்ப எடுத்துச்சு?”

“எது?”

“ஈயத்த. உறிஞ்சி அகற்றும்னு போட்டிருக்கீகள்ல.”

“நீதானம்மா சொன்ன.”

“எடுக்கணும்னு செய்யிறோம்னு சொன்னேன். எடுத்துச்சுன்னு சொல்லல. இது வரைக்கும் முடிஞ்சது, அந்தத் துண்டு வெளிய வந்து நிக்குது, அம்புட்டுத்தான். ஈயத் தண்ணியில இன்னும் ஒரு தடவகூடப் போட்டுப் பாக்கல.”

“வெளிய நின்னாப் பிடிக்கத்தானம்மா செய்யும்.”

“பிடிக்கலாம். வெளிய வந்ததும் கோணலா மடங்கி, பிடிக்காமலும் போகலாம். மைத்தண்ணியில இருக்குற மத்ததெல்லாம் போயி முதல்ல ஒட்டிக்கிட்டா ஈயத்துக்கு இடமே இருக்காது. எங்களுக்கே தெரியாதத நீங்க அச்சடிச்சு மூணு தாலுகாவுக்குக் குடுத்திருக்கீக.”

சுமை தூக்குபவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். என் மண்டியில், என் ஆட்களின் முன்னால், என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. “ஊரே உன்னக் கேவலமாப் பேசுது, அதுக்கு ஒனக்குக் கோவம் வரல, நான் பெருமையா எழுதுனதுக்குத்தான் வருதாக்கும்” என்றேன்.

“ஊரு பேசுறது தெரியாமப் பேசுது. நீங்க தெரிஞ்சவுக.”

பிறகு மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மடித்தாள்.

“படத்த அச்சாபீஸ் தப்புங்கீக. இந்தக் காலண்டர்ல படம் ஒண்ணுதான் அத்தா சரி. எழுத்துத்தான் தப்பு. மாதிரி ஒண்ணு, சரக்கு ஒண்ணு.”

வத்தல் மண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியாது. எங்களிடம் சரக்கு, மாதிரியைப் பார்த்தே விலையாகும். மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் கொட்டுவோம். அந்த ஒரு பிடிதான் மாதிரி. விலை பேசிய பிறகு சரக்கு மாதிரிக்கு ஒத்துவராவிட்டால், சரக்குக்காரர் ஏலம் நடக்கும் இடத்துக்கு வந்து, எல்லாத் தரகர்களும் கேட்க, “என் சரக்கு மாதிரிக்கு ஒத்துவரலை” என்று தம் வாயால் சொல்ல வேண்டும். ஆளை அனுப்பிச் சொல்லக் கூடாது. வண்டிக்காரன் மாற்றிவிட்டான், வேலைக்காரன் கலந்துவிட்டான் என்று சாக்குச் சொல்லக் கூடாது. சொன்ன பிறகே புது விலை. என் தகப்பனார் பெரிய பெரிய நிலக்காரர்களை அப்படி நிறுத்தியிருக்கிறார். நானும் நிறுத்தியிருக்கிறேன். ஒருவர் கண் கலங்கியபோதும் விடவில்லை.

என் மகள் அந்த இடத்தைப் பார்த்தே வளர்ந்தவள். அச்சகக்காரர் மீது பழி போடுவது, வண்டிக்காரன் மீது பழி போடுவதேதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டேன். அவள் மீது எனக்குக் கடுங்கோபம். அவள் சொன்னதில் ஒரு பிசகும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அந்தக் கோபத்தை இன்னும் பெருக்கியது.

மறுநாள் வேறு கடிதம் எழுதினேன். படம் என் மகளின் ஆய்வில் எடுக்கப்பட்டது, அது சரியானது. படத்தில் உள்ளது எங்கள் மண்டிக்கோ சரக்குக்கோ அருகில் வந்ததில்லை. கீழே உள்ள வாசகம் நான் எழுதியது, அது தவறு. அச்சகத்தின் மீது குற்றம் ஏதுமில்லை. கையெழுத்திட்டு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து மேலாளர் தொலைபேசியில் பேசினார்.

“சார், பிரிண்டிங் மிஸ்டேக்னா மேல ஒத்துக்கிடுவாக. ஓனர் மிஸ்டேக்னு இருந்தா இத எப்படி சார் பைல்ல வைக்கிறது?”

“உண்மை அதுதானே.”

“உண்மைய யாரு சார் கேட்டா? லெட்டர்தான கேட்டோம்.”

அந்தப் பருவத்தில் அந்தக் கம்பெனி எங்களிடம் ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை. பொய்க் கடிதத்துக்கு ஆர்டரும், மெய்க் கடிதத்துக்கு மறுப்பும் கொடுத்த அவர்கள்தான் வெளிநாட்டாரிடம் எங்கள் பகுதி வத்தலின் தரத்துக்கு உறுதி சொல்பவர்கள். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஆனால் காலண்டர்கள் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. கடிதம் ஒரு கம்பெனிக்குத்தான் போயிற்று. என் வாசகத்தைத் தினமும் படிப்பவர்கள் ஊரெங்கும் இருந்தார்கள். அச்சக உரிமையாளரிடம் சொல்லி, அந்த வாசகத்தை மறைக்கும் அளவில் சீட்டுகள் அடித்து வாங்கினேன். “உள்ள பேரையும் கெடுத்துக்கிடுதீகளே பாய்” என்று சொல்லிக்கொண்டேதான் அடித்துக் கொடுத்தார். வாசகத்தை என் மகள் ஒருமுறை பார்த்து, ஒரு சொல்லை நீக்கினாள். “படத்தில் காண்பது பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் நிறுத்தப்பட்ட ஒரு புரதம். இது ஈயத்தை அகற்றுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. முன்பு அச்சான வாசகம் என் பிழை.” கீழே என் பெயர். நான் ‘சிறு பிழை’ என்று எழுதியிருந்தேன். அவள் எடுத்தது ‘சிறு’ என்பதை.

அந்தச் சோதனை அதே ஆண்டு பின்னால் நடந்தது. சுத்தமான நீரில் கரைத்த ஈயத்தை அது பிடித்தது. சிவகாசியிலிருந்து எடுத்துப்போன மைத்தண்ணீரில் மிகக் குறைவாகவே பிடித்தது. இரண்டையும் அவள் தன் ஆய்வேட்டில் எழுதினாள். மலக்கிருமி என்று பேசிய ஒருவரும் அதைக் கேட்க வரவில்லை.

சீட்டுகள் அச்சாகி வந்ததும், ஒட்ட ஆளை அனுப்பவில்லை. மைதாப் பசையையும் சீட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு, காலைத் தொழுகை முடித்து, கடைகள் திறந்ததும் நானே புறப்பட்டேன். முதலில் எதிர்வரிசைத் தரகரின் கடை. அவர் என்னையும் என் கையில் இருந்த கிண்ணத்தையும் பார்த்து எழுந்துவிட்டார்.

“என்ன பாய், நீங்க போயி பசையும் கையுமா... பயகள அனுப்பக் கூடாதா?”

நான் சீட்டில் பசை தடவி ஒட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடையில் நின்ற நாலு பேர் கேட்க, உரக்கப் படித்தார். இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

“அப்ப ஈயத்த எடுக்காதா?”

“இன்னும் தெரியல.”

“தெரியலன்னு ஒரு யாவாரி அச்சடிச்சு ஒட்டி இன்னைக்குத்தான் பாக்கேன்.” யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. படத்தை நோக்கி விரலை நீட்டி, “இந்தப் பச்சையா இருக்கே, ஓரம், இதுதான் வெளிய வந்து நிக்கிறதா?” என்று கேட்டார்.

“அதுதான்.”

“உள்ள இருந்தாத் தெரியாதோ?”

“தெரியாது. வெளிய நின்னாத்தான் இந்தப் பச்சை.”

“அது சரி” என்று சொல்லிச் சீட்டின் ஓரத்தைத் தடவப் போனார்.

“பசை காயல. கை வைக்காதீக” என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். அந்த வரிசையில் மட்டும் இன்னும் பதினேழு கடைகள் இருந்தன.